பால் கொடுக்கும் நேரம்

9.2.1982, செவ்வாய்

என் மார்பில் இருப்பது வேகமாகப் பரவும் புற்று, இதே நோய்க்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை எனக்குக் கேட்காது என்று கண்டி டாக்டர் சொல்லி நான்கு நாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

இன்று பத்து மணிக்குப் பால் கொடுக்க கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து, நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்த செல்வி, என் மடியில் தூங்கிய தன் மகனை வெடுக்கென்று தூக்கினாள். முந்தானையால் அவன் வாயை அழுத்தித் துடைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பச்சப்புள்ள, ஒட்டிக்கிட்டா என்னா செய்யிறது?"

"இது ஒட்டாது புள்ள" என்றேன். சிரித்தும் வைத்தேன். அவளுடைய மூத்த இரண்டையும் தொட்டிலாட்டி வளர்த்த ஆயா நான்தான்.

அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவளுக்கும் இதே இடத்தில் ஒரு கட்டி வரட்டும் என்று நினைத்தேன்.

எழுதினால் வெட்கம் வரும் என்றுதான் எழுதினேன். வரவில்லை.