ஹால்வரை கேட்கிறது

மார்ச் 4
தட்டச்சு செய்தே வீங்கிப்போய் இரண்டு மணிக்கட்டிலும் கட்டு. ஆறும்வரை கீபோர்டைத் தொடக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். மொழிபெயர்ப்பு வேலை எனக்காகக் காத்திருக்குமா? பேசப் பேச எழுதும் மென்பொருளைக் கணினியில் போட்டாயிற்று. நாட்குறிப்பும் இனி வாயால்தான். என் கோபத்தை என் காதாலேயே கேட்பது கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 9
காலையில் என் கணவர், மாமியார் முன்னிலையிலேயே கேட்டார்: "அம்மா முன்னாடி ஒரு மாதிரி, தனியா ஒரு மாதிரியா நான்?" நேற்று நான் இந்த நாட்குறிப்பில் சொன்னது. ஓர் எழுத்துப் பிசகவில்லை.

மார்ச் 10
கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். மாமியார் தட்டினார். "உள்ள யாரும்மா?" நான்தான் அத்தை, வேற யாரு.

மார்ச் 13
இன்றுதான் கவனித்தேன் — நான் மைக்கில் பேச ஆரம்பித்ததும் ஹாலில் டிவி சத்தம் குறைகிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் பேசும்போது இந்த மனிதர் டிவியைக் குறைத்ததே கிடையாது!

மார்ச் 20
சும்மா சோதித்துப் பார்த்தேன் (இதை மட்டும் கிசுகிசுக்கிறேன்). "இவரைப் போலப் பொறுமைசாலி யாருக்குக் கிடைப்பார்" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். சற்று நேரத்தில் டீ வந்தது. அவரே போட்டது. சீ.

ஏப்ரல் 2
வீட்டில் யாரும் இல்லாததால் சொல்கிறேன்: அன்றிலிருந்து இங்கே அவரைப் புகழ்ந்து சொன்னதெல்லாம் பொய். வீடு கலகலவென்று இருக்கிறது. இங்கயும் பொய்தான் சொல்லணும்னா நான் வேற எங்க போய்ப் பேசுறது?

ஏப்ரல் 3
கேட்டேவிட்டேன். "ஒட்டுக் கேக்குறீங்களா?"
"என் வீட்ல நான் காதைப் பொத்திக்கிட்டா உக்காந்திருக்கணும்? உனக்கு ரகசியம் வேணும்னா மனசுக்குள்ள பேசிக்க."
மாமியார் தலையாட்டினார். மனசுக்குள் பேசினால் இந்த மென்பொருள் எழுதாது என்று இவர்களுக்கு யார் சொல்வது?

ஏப்ரல் 11
கதவை விரியத் திறந்து வைத்திருக்கிறேன். டிவி குறைந்துவிட்டது. நல்லது. இன்றைக்கு உங்களுக்காகத்தான் பேசுகிறேன். எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது. அக்கா வீட்டுக்குப் போகலாமென்று இருக்கிறேன். போகாதே என்று சொல்ல நினைத்தால் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அந்த இரைச்சலில் மென்பொருளுக்கு என் குரல் பிடிபடவில்லை. செய்தி வாசிப்பவர் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தது, அழித்துவிட்டேன். இதை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோர் எழுத்துக்கும் மணிக்கட்டு சுரீரென்கிறது. அக்கா காலையில் வண்டியோடு வருகிறாள்.