பதில் இல்லாததற்கு மூன்று எண்கள்

மார்ச் 4

கோப்பு வடிவ ஆவணத்தில் இன்று தலைப்பகுதி முடிந்தது. முதல் எட்டு பைட்டில் மென்பொருளின் பெயர், அடுத்த நான்கில் எத்தனை கேள்விகள், அதற்கடுத்த நான்கில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள். இந்தப் புள்ளியியல் மென்பொருளை அக்காவும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினோம். வடிவத்தை அமைத்தவள் அவள். நாங்கள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பழைய கணக்கெடுப்புகளை இனி யாராவது திறக்க வேண்டுமென்றால் இந்த ஆவணம் வேண்டும்.

அவளிடம் கேட்டால் ஒரே நாளில் முடியும். நான் இந்த ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் என்னோடு வரவில்லை. வர மறுத்தவளிடம் இப்போது போய் என்ன கேட்பது?

மார்ச் 9

திரை முழுக்க எண்கள். கண் எரிகிறது. அவள் இருந்தால் திரையில் விரலை வைத்து, "இங்க பாருடி, மக்கு" என்பாள். திட்டக்கூட ஆள் இல்லை.

மார்ச் 15

பதில் வராத இடத்தை அக்கா சும்மா விடமாட்டாள், ஏன் வரவில்லை என்பதற்கும் ஓர் எண் வைப்பாள். 253 என்றால் தெரியாது. 254, கேட்கப்படவில்லை. 255, சொல்ல மறுத்தார். நினைவிலிருந்தே எழுதினேன்.

மார்ச் 16

ஒரு குறும்பு செய்தேன். ஆவணத்தை யாரும் திருத்தம் சொல்லும்படி இணையத்தில் ஏற்றும்முன், பைட்டுகளின் வரிசையை வேண்டுமென்றே தலைகீழாக எழுதினேன். பிழையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஹோட்டல் மெனுவையே திருத்திக் கொடுத்துவிட்டு வருகிறவள்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "நேரா ஒரு ஃபோன் போடாம, தலையச் சுத்தி மூக்கத் தொடுறியே?"

மார்ச் 19

மூன்று பேர் திருத்தம் அனுப்பியிருக்கிறார்கள். மூவரும் முன்பின் தெரியாதவர்கள்.

மார்ச் 27

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2

பைட் வரிசையை நானே சரிசெய்துவிட்டேன். போதும்.

ஏன்டி இப்படிக் கல்லாயிட்ட? நான் என்ன பண்ணேன்? ஒரு சண்டையாவது போடலாம்ல — அதுக்காவது வா.

ஏப்ரல் 6

அக்காவிடமிருந்து மின்னஞ்சல்! நலமா என்றுகூட இல்லை.

"பைட் வரிசைய நீ வேணும்னேதான் மாத்தி எழுதியிருக்கன்னு அன்னிக்கே தெரியும். அந்தத் தூண்டில்ல நான் மாட்டமாட்டேன். ஆனா ஏழாம் பக்கத்துல நிஜமாவே தப்பு. 254தான் மறுத்தவங்க. 255 மறுக்கல. அவங்கள யாரும் கேக்கவே இல்ல."

பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். பிள்ளைகள் இல்லாதவர்களின் வரிசையில், பிள்ளையின் வயது என்ன என்ற இடத்திலெல்லாம் 255. அவள் சொன்னதுதான் சரி.

திருத்தும்போதுதான் ஒன்று உறைத்தது. நான் சேர்ந்த வாரம் மேலாளர், "உங்க அக்காவும் வருவாங்களா?" என்றார். "வரமாட்டா சார்" என்றேன், சட்டென்று. அவளிடம் கேட்டேனா? இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏப்ரல் 7

காலையில் ஃபோன் செய்தேன். இங்கே இன்னொரு மேசை காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டேன்.

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா?" அப்புறம், "ஜன்னல் பக்கமா இருந்தா சொல்லு."

ஜன்னல் பக்கம் இருப்பது என் மேசை. மதியமே என் சாமான்களை எடுத்து மற்ற மேசைக்கு மாற்றிவிட்டேன்.