மூன்று தரம் சொன்ன பிறகும்

அண்ணா,

இன்று காலையிலும் நுண்ணோக்கியில் அதே காட்சி. நீல நிறத்தில் ஒரு வெள்ளணு. அதன் வயிற்றுக்குள் இளஞ்சிவப்புக் குச்சிகளாகக் காசநோய்க் கிருமிகள். அரியாங்குப்பத்திலிருந்து வந்த யாரோ ஒருவருடைய சளி. எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவன் நீ. குரல்தான் உனக்குச் சோறு. இருமல் அதைப் பிடுங்கியதும் பயந்துபோய், நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு நீயாகவே வந்தாய். உன் சளியிலும் இதே குச்சிகள். ஆறு மாதம் போட வேண்டிய மாத்திரை, தொடங்கி இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி மறுபடி ஏலம் கூவினாய். அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டாய். விடிகாலையில் குமட்டுகிறதாம், ஏலத்தில் நிற்க முடியவில்லையாம்.

“மூணு தரம் சொல்லியாச்சு பாப்பா. அதுக்கப்புறம் எவனும் வெல ஏத்த முடியாது. நோவு முடிஞ்சிபோச்சு” என்றாய்.

“வெள்ளணு அத முழுங்கிடுது, ஆனா கொல்ல முடியலண்ணா. கிருமி அதுக்குள்ளயே குடித்தனம் பண்ணிக்கினு கெடக்குது. நீ மாத்திரய வுட்டா எழுந்து வரும்” என்று தலையிலடித்துக்கொண்டேன்.

“முழுங்கினது செரிக்காமயா போயிடும்?” என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. காவல்காரன் வீட்டிலேயே திருடன் படுத்திருக்கிறான் என்கிறேன், உனக்கு விளையாட்டு.

திரும்பி வந்த நோய் பழைய மாத்திரைக்கு மசியவில்லை. மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். அதற்குள் உன் நுரையீரல் போய்விட்டது. சாவு வீட்டில் எல்லாரும் விதி என்றார்கள். “விதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மிச்ச மாத்திரய முழுங்க இவருக்கு வலிச்சிது” என்று கத்தினேன். அண்ணி என் வாயைப் பொத்தினார்.

உன் மகளுக்கு நோய் இல்லை. ஆனால் உன்னோடு ஒரே அறையில் படுத்தவள். அவள் உடம்பிலும் கிருமி தூங்குகிறது. அது விழித்துக்கொள்ளாமலிருக்க அவளும் மாத்திரை போடுகிறாள், தினமும் என் எதிரில். நேற்று, “நல்லாத்தான கீறேன் அத்த, இன்னும் எதுக்கு?” என்றாள். அப்படியே நீ பேசியது போல இருந்தது. கையை ஓங்கிவிட்டேன். பயந்துபோய் விழுங்கினாள்.

போனவன்மேல் என்ன கோபம், விட்டுவிடு என்கிறார்கள். விடமாட்டேன் அண்ணா. அவளுடைய கடைசி மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை இந்தக் கோபம் எனக்கு வேண்டும்.