சாமிமாடு இருபத்தேழு

ஹெப்பாள், மைசூர்
31-3-1996, ஞாயிறு

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணன் பிரசாந்தும் அண்ணி சொர்ணலதாவும் சுகம், ஊரில் அப்பாவும் சுகம். நீ அங்கே கர்னாலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதேஸ்வர சாமியை வேண்டிக்கொள்கிறேன் என்று எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அந்தச் சாமி பேரை எழுதவே கை கூசுகிறது. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டு.

நான் மைசூர் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பல்வலி என்று சொல்லித்தான் ராமாபுரத்தில் பஸ் ஏறினேன். பல்லும் வலிக்கவில்லை ஒன்றும் வலிக்கவில்லை, ஊரில் ஒருத்தர் முகத்திலும் விழிக்க முடியாமல் ஓடி வந்தேன். பிரசாந்த் பாவம், ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவன் தூங்காமல் என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனான். எது வலிக்கிறது என்று கேட்டார், நானும் எதையோ காட்டினேன், இது லேசாக ஆடுகிறது எடுத்துவிடலாம் என்றார், சரி என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஒரு பல் போனது, நீ சிரிப்பாய், சிரி. சொர்ணலதா மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அவள் பேச்சில் பாதி கன்னடம்தான், ஆனாலும் மனசு நல்ல மனசு. இவர்கள் வீட்டு எதிரே காலி சைட்டில் ஒரு மாடு தினமும் சுவரில் ஒட்டிய நோட்டீசைக் கிழித்துத் தின்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊர் மாடெல்லாம் மேய்கிற கோமாள நிலம்தான் கண்ணுக்குள் வருகிறது, எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

நீ ஊருக்கு எழுதிய கடிதத்தை அப்பா இங்கே அனுப்பி வைத்தார். வருகிற பதினெட்டாம் தேதி பெரியவர்கள் கூடுகிற சபையில் நம் கோமாளத்தைப் பற்றி நீ பேசப் போகிறாய் என்றும், எல்லாம் டைப் அடித்தாகிவிட்டது என்றும், கணக்குக் கொடுத்தவர் பாப்பாத்தி வேலாயுதம், விவசாயி என்று என் பேரையும் போட்டிருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். பிரசாந்த் அதைச் சத்தமாகப் படித்தான், சொர்ணலதா கையைத் தட்டினாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ஜீவிதா, நான் தை மாதம் உனக்கு எழுதிய கணக்கு பொய். மூடிய பங்கில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது, எந்த வீட்டிலும் மூன்றுக்கு மேல் மாடு இல்லை என்று எழுதினேன். புல் கணுக்கால் அளவுகூட இல்லை. மாடு மூன்றுதான் என்றது ஒரு விதத்தில் நிஜம், ஆனால் சாமிமாட்டை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ வெட்னரி படிக்கும்போது ஒரு சித்திரை மாதம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தாய். கோமாளம் ஊருக்கே பொது, முப்பத்திரண்டு வீடு, வீட்டுக்கு மூன்று மாடு, ஒரு வயது தாண்டிய கன்றும் கணக்கில் சேரும், தொண்ணூற்றாறுக்கு மேல் அந்த நிலம் தாங்காது என்றாய். நிலத்தை மூன்று பங்காகப் பிரித்துக் கல்லை அடுக்கி, ஆடியில் ஒரு பங்கை மூடினால் மாசி முடிய யாரும் மாட்டை உள்ளே விடக்கூடாது, பங்குனி வெயிலில் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகு அதைத் திறக்க வேண்டும் என்று எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்தாய். முதலில் ஒப்புக்கொண்டது யார் என்று உனக்கு நினைவிருக்கும், ஒற்றை மாடு வைத்திருந்த லிங்கம்மாதான். அந்த வருஷம் பங்குனியில் நம் ஊர் மாடுகள் வயிறு நிறைந்து அசைபோட்டதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. என் மகள் போட்ட சட்டம் என்று ராமாபுரம் சந்தையில்கூடச் சொல்லித் திரிந்தேன்.

அந்த மார்கழியில்தான் செவலைக் கன்று பிறந்தது. பின்னங்கால் முதலில் வந்து தாய் துடித்தபோது லீவில் வந்திருந்த நீ முழங்கை வரை கையை விட்டு இழுத்தாய். அடுத்த வருஷம் நீ கர்னாலுக்கு ரயில் ஏறினாய், அந்த மார்கழியோடு கன்றுக்கு ஒரு வயது நிரம்பப் போகிறது, நம் வீட்டில் ஏற்கெனவே மூன்று. ஒன்றை விற்றாக வேண்டும். அப்பா செவலையை விற்கலாம் என்றார். உன்னை அனுப்பிய கையோடு அதையும் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, அதுதான் நிஜம். மற்ற மூன்றில் ஒன்றை விற்றிருக்கலாமே என்று நீ கேட்பாய். மூன்றும் பால் கொடுத்துக்கொண்டிருந்தன, அதிலும் எனக்கு ஆசை விடவில்லை. உன் சட்டத்தின் மேல் கோபம்கூட வந்தது, பெற்றவளுக்கும் சேர்த்தா சட்டம் போட்டாள் என்று. அப்பாவிடம், செவலையை மாதேஸ்வரனுக்கு விடுவதாக வேண்டியிருக்கிறேன், விற்க முடியாது என்று சொல்லிவிட்டேன். வேண்டுதல் எதற்கு என்று கேட்டார். ஜீவிதாவுக்கு வடக்கே படிக்க இடம் கிடைக்க என்று சொன்னேன். நான் எந்த வேண்டுதலும் செய்யவில்லை மகளே. நீ கண் விழித்துப் படித்து வாங்கிய இடத்தைச் சாமி கொடுத்ததாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அப்பா நம்பிவிட்டார். கன்றுக்கு விபூதி பூசி மணி கட்டி, "சாமிக்கு உட்டது, நாம கணக்குப் பாக்கப்படாது" என்று ஊர்க் கூட்டத்திலும் சொன்னார். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை, சாமி காரியத்தில் யார் பேசுவார்கள். அமாவாசைதோறும் வெறுங்காலோடு மாதேஸ்வரன் மலைக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்து வருகிறார். அந்தப் பிரசாதத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வேன். பொங்கல் கழிந்ததும் தொட்டையன் வந்து, "எனக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்குதுங்க" என்று இரண்டு கன்றுக்கு மணி கட்டினார். பிறகு கெம்பையன் வீட்டில் மூன்று. இப்போது சாமிமாடு இருபத்தேழு. சாமிமாட்டுக்கு எல்லைக் கல் கிடையாது, அதை அடித்து விரட்ட யாருக்கும் கை வராது. மூடிய பங்குக்குள் அதுகள் பாட்டுக்குப் போய் மேய்ந்தன. நான் ஓட்டை போட்டுக் கொடுத்தேன், எல்லாரும் அதன் வழியாக நுழைந்துவிட்டார்கள்.

பங்குனி முதல் தேதி கல்லை எடுத்துத் திறந்தபோது உள்ளே செம்மண்ணும் மாடு வாய் வைக்காத உண்ணிச்செடியும்தான் இருந்தன. தீவனம் வாங்க வசதி இருக்கிறவர்கள் வைக்கோல் வாங்கினார்கள். லிங்கம்மா அந்தச் சனிக்கிழமை தன் மாட்டைச் சந்தைக்குப் பிடித்துப் போனாள், திரும்பும்போது தோளில் கயிறு மட்டும் கிடந்தது. மறுநாள் காலை நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். என்னை ஏதாவது கேட்கத்தான் வருகிறாள் என்று நான் கதவோரம் ஒதுங்கினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகச் செவலையிடம் போய் நெற்றியில் குங்குமம் வைத்து அதன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "எம்பட கட்டுத்தறி காலியாக் கெடக்குது சாமி, நீதான் பாத்துக்கோணும்" என்றாள். அவள் மாட்டின் புல்லைத் தின்ற மாட்டிடமே கேட்கிறாள், ஜீவிதா. செவலை இப்போது சினை வேறு.

மனசு கேட்காமல் திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் போய், செவலையை நீ வைத்துக்கொள் என்றேன். அவள் பதறிப்போய், "ஐயோ பாப்பாத்தியக்கா, சாமிமாட்டெ நான் கட்டிப் பால் பீச்சுனா என் கண்ணு அவிஞ்சு போயிருமுங்க" என்று காதைப் பொத்திக்கொண்டாள். அது சாமிமாடு இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. மறுநாள்தான் பல்வலி. இவ்வளவு பெரிய கோழையாக நான் இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நீ நாலு பேர் முன்னால் நின்று என் பொய்யை உன் வாயால் சொல்லக் கூடாது. உண்மைக் கணக்கு இது, எழுதிக்கொள். வீட்டு மாடு எண்பத்தெட்டு, லிங்கம்மாவுடையது போக எண்பத்தேழு. சாமிமாடு இருபத்தேழு. திறந்த பங்கில் புல் இல்லை. ஏன் என்று கேட்டால், என் அம்மாதான் முதலில் சட்டத்தை மீறினாள் என்று சொல். திரும்ப டைப் அடிக்கச் சிரமம்தான், கோபித்துக்கொள்ளாதே.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். அப்பாவிடம் முதலில் சொல்வேன், அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை, அவர் வெறுங்காலோடு நடந்த நடையெல்லாம் என் பொய்யால்தான் என்று சொல்லியாக வேண்டும். பிறகு கூட்டம் கூட்டச் சொல்லி எல்லார் முன்னாலும் செவலையின் மணியை நானே அவிழ்ப்பேன். தொட்டையனும் கெம்பையனும் அவிழ்ப்பார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. என் வேண்டுதல் பொய் என்று லிங்கம்மா காது கேட்கச் சொன்னால்தான் அவள் செவலையைக் கட்டுவாள், காறித் துப்பிவிட்டுக் கட்டினாலும் சரி. அவள் கட்டுத்தறிக்குக் கணக்கில் இடம் இருக்கிறது.

வெயிலில் வெறும் வயிற்றோடு அலையாதே, தலைக்கு எண்ணெய் வை, ரொட்டி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. சாமி பேரைச் சொல்லி ஆசீர்வாதம் செய்ய எனக்கு இப்போது யோக்கியதை இல்லை, பெற்ற வயிறு சொல்கிறது, நீ நன்றாக இருப்பாய். மறந்துவிடாதே, பதினெட்டாம் தேதிக்குள் கணக்கை மாற்றிவிடு. என்மேல் உள்ள வெறுப்பில் என் பேரை மட்டும் அடித்துவிடாதே. கணக்குக் கொடுத்தவர் பாப்பாத்தி என்று நீ போட்ட இடத்திலேயே அது இருக்கட்டும், இந்தத் தடவை சரியான கணக்கைத்தான் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் முன்னால் தலை குனிந்து நிற்கும் அம்மா,
வே. பாப்பாத்தி