‘ரன்’ என்ற சொல்லுக்கு ஒரு பக்கம்

கரோங்கா
பிப்ரவரி 3

எஸ்நாத்துக்கு,

நலமா என்று கேட்பது வழக்கம், கேட்டுவிட்டேன். நாம் சேர்ந்து எழுதிய பள்ளி ஆங்கில அகராதியை மறுபடி அச்சிடுகிறார்கள். உன் கையெழுத்தும் வேண்டுமாம்.

‘ரன்’ என்ற சொல்லைப் புதிதாக எழுதியிருக்கிறேன். கால் ஓடினாலும் அதுதான். குழாயில் தண்ணீர் வந்தாலும், மூக்கு ஒழுகினாலும், துணியில் சாயம் போனாலும், கடை நடத்தினாலும் அதுதான். எல்லா எடுத்துக்காட்டிலும் நம் தெம்வாவை வைத்திருக்கிறேன். அவள் கல்லறைக்குக் கல் வைத்த அன்று நீ பாதியில் கிளம்பிவிட்டாய். இதையாவது முழுக்கப் படி.

ஈஸ்டர் விடுமுறைக்குச் சின்னவள் லுசுங்குவை அனுப்பு.

யோத்தாமு


லிலோங்வே
பிப்ரவரி 16

தெம்வாவின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய அரிசியும் பக்கமும் வந்தன. ‘தெம்வாவுக்கு மூக்கு ஒழுகுகிறது’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அப்புறம் அடுப்பு பற்றவைக்க மனம் வரவில்லை.

ஆனால் கடைசியில் இது என்ன? ‘அம்மா சந்தையில் கடை நடத்திக்கொண்டிருந்தாள், தெம்வா ஆற்றை நோக்கி ஓடியதை அவள் பார்க்கவில்லை.’

எடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் லுசுங்குவின் வகுப்பில் இந்தப் புத்தகம்தான். எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்வார்கள்.

எஸ்நாத்


கரோங்கா
மார்ச் 1

எஸ்நாத்துக்கு,

அந்த வாக்கியத்தில் எந்தச் சொல் பொய்? ருக்குரு ஆற்றில் வெள்ளம் என்று ஊருக்கே தெரியும். நீ கருவாடு விற்றுக்கொண்டிருந்தாய். ‘இங்கயே வெளையாடு, இந்தா வரேன்’ என்று அவளிடம் சொன்னதாக நீயே அழுதாய். அவள் போனதற்கு உன் அண்ணன்கூட என்னிடம்தான் கோபித்துக்கொண்டார், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எடுத்துக்காட்டு என்றால் நடந்ததாக இருக்க வேண்டும். அது இருக்கும். கையெழுத்தை அனுப்பு.

யோத்தாமு


லிலோங்வே
மார்ச் 14

தெம்வாவின் அப்பாவுக்கு,

கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் விருப்பப்படியே அச்சிடுங்கள்.

மேசையில் இருந்த பக்கத்தை லுசுங்கு படித்துவிட்டாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

“அம்மா, அன்னிக்கு அப்பா எங்க இருந்தாரு?”

இத்தனை வருடம் நான் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். வீட்டில் இருந்தார், இந்த அகராதியை எழுதிக்கொண்டிருந்தார். ‘இவ போடுற சத்தத்துல ஒரு வரி ஓட மாட்டேங்குது, சந்தைக்கு இழுத்துட்டுப் போ’ என்றார். தெம்வாவுக்கு அன்று காய்ச்சல். நான் இழுத்துக்கொண்டு போனேன்.

“அப்ப இதுல அப்பாவ ஏன் எழுதல?”

ஈஸ்டருக்கு அவள் வரவில்லை என்கிறாள். நான் தடுக்கவில்லை. அவளுக்கே எழுதிக் கேளுங்கள்.

எஸ்நாத்