மேடைக்கு அடியில் ஒரு வளைவு

இன்று பிற்பகல் பாபநாசம் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது டிரைவர் இறங்கிப்போய், வண்டிக்குக் கீழே குனிந்து ஏதோ ஒரு கம்பியை இழுத்தார். பிரேக்கின் காற்றுத் தொட்டியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து சாலையில் கொட்டியது. துருவும் எண்ணெயும் கலந்த அந்த வாடை ஜன்னல் வழியாக ஏறியதும் பக்கத்து இருக்கை அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. உன் ஊருக்குத் திரும்பும் பாதை அங்கிருந்து தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ வயல்காட்டுப் பிள்ளை. நான் மன்னார்குடிக் கடைத்தெருவில், அத்தாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவள். கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்த பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தோம். பட்டறை வகுப்பில் நான் ஸ்பானரைப் பிடித்தால் யாராவது ஒருவன் உதவுகிறேன் என்று வந்து வாங்கிவிடுவான். வாங்காத ஒரே ஆள் நீ. நான் போல்ட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பாய். அப்போது கோபமாக இருந்தது. நம் சிநேகம் அங்கேதான் ஆரம்பித்தது என்று பிறகு புரிந்தது.

படிப்பு முடிந்து நான் திருச்சியில் ஒரு டிசைன் ஆபீஸில் சேர்ந்தேன். நீ எண்ணெய்க் கிணறு ரிக்குக்குப் போனாய். உன் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வயலில் ஓட்டை போடுகிறவர்களோடு சேர்ந்துவிட்டாயே என்று நீ சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். புதிதாக எதையும் தோண்டவில்லை, பழைய கிணறுகளின் குழாய்களை உருவிப் பழுதுபார்க்கிறோம், அவ்வளவுதான் என்று நீ ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்குவாய். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

ஒரு நாள் போன் செய்து, "மெஹர், ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ. எனக்கு ஒண்ணு சரியாப் படல" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தேன். பயிர் பால் பிடித்திருந்த நேரம். வரப்புகளுக்கு நடுவே சரளைக்கல் கொட்டிக் கெட்டிப்படுத்திய திட்டு, அதன்மேல் தென்னைகளை விட உயரமாக உங்கள் இரும்புக் கோபுரம். கோபுரத்தின் அடியில் ஆட்கள் நின்று வேலை செய்யும் இரும்பு மேடை. உச்சியில் கப்பிகள். அவற்றின் வழியாக வரும் எஃகுக் கயிற்றில் ஒரு யானை எடைக்கு இரும்புக் கட்டை தொங்கியது. பிளாக் என்றீர்கள். கிணற்றிலிருந்து குழாய்களைத் தூக்குவது அதுதான்.

பிளாக் ஏறிப்போய் உச்சியில் மோதிவிடக் கூடாது. மோதினால் கயிறு அறுந்து அத்தனையும் கீழே வரும். அதற்கு ஒரு காவல் வைத்திருந்தார்கள். பிளாக் எல்லையைத் தாண்டினால், டிரம்மில் சுற்றிக்கொண்டே வரும் கயிறு ஒரு சின்ன நெம்புகோலைத் தட்டும். வால்வு திறக்கும். காற்று ஓடிப்போய் பிரேக்கை இறுக்கும். சோதனை செய்து சான்றிதழும் வாங்கியிருந்தார்கள்.

இருக்கையில் உட்கார்ந்து பிளாக்கை இயக்கும் டிரில்லரிடம் அதை மெதுவாக ஏற்றச் சொன்னாய். உச்சிக்கு வெகு கீழேயே சாதுவாக நின்றது. பிறகு வழக்கமாக வேலை செய்யும் வேகத்தில் ஏற்றச் சொன்னாய். நெம்புகோல் தட்டிய சத்தம் கேட்டது. பிளாக் நிற்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது. என் கை தானாக உன் சட்டையைப் பிடித்துவிட்டது. உச்சிக்குச் சற்றுக் கீழே கோபுரமே நடுங்கும்படி நின்றது.

"மெதுவாத் தூக்கிக் காட்டுனா எல்லாம் நல்ல பிள்ளதான்" என்றாய். சிரிக்கவில்லை.

பிளாக்கை இறக்கி, இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு என்னை மேடைக்கு அடியில் கூட்டிப்போனாய். வால்விலிருந்து பிரேக்குக்குப் போகும் காற்றுக்குழாய் இன்ஜினைச் சுற்றி நீளமாக வந்து, மேடைக்கு அடியில் தொட்டில் மாதிரி தொங்கி, மறுபடி மேலே ஏறியது. அந்தத் தொங்கலின் அடியிலிருந்த மூடியை நீ திருகினாய். பழுப்புத் தண்ணீர் உன் மணிக்கட்டில் வழிந்தது, துருச் செதில்களோடு. அது மணல் தேசத்துக்காகச் செய்த ரிக் என்றாய். அங்கே காற்றில் ஈரம் கிடையாது. நம் ஊரில் காற்றே பாதி தண்ணீர்தான். கம்ப்ரஸர் இழுக்கிற ஈரமெல்லாம் இந்த வளைவில் வந்து தேங்கி, பிரேக்குக்குப் போக வேண்டிய காற்றை வழியிலேயே தடுக்கிறது.

திருச்சிக்குத் திரும்பிய கையோடு மாற்றத்தை வரைந்தேன். குழாய் குட்டையாக, வளைவே இல்லாமல், ஒரே சரிவாக. தண்ணீர் வெளியேறும் மூடி மேடைக்கு வெளியே. காற்றைச் சட்டென்று தள்ளிவிடும் ஒரு வால்வு பிரேக்கை ஒட்டியே. பெரிய செலவில்லை. உன் மேனேஜர் வரைபடத்தைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் கிணறு பாதியில் இருக்கும்போது ரிக்கை நிறுத்த முடியாது, அடுத்த இடத்துக்கு மாற்றும்போது செய்துகொள்ளலாம் என்றார். நீ இரண்டு முறை சண்டை போட்டாய். அதுவரை தினமும் தண்ணீரை வடித்துவிடுங்கள் என்று அவர் முடித்துவிட்டார்.

நீ வடித்தாய். பிளாக் ஏறும் நேரத்தில் மேடைமேல் டிரில்லரைத் தவிர யாரும் நிற்கக் கூடாது என்று ஒரு ஒழுங்கும் வைத்தாய். வேலை மந்தமாகிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். நீ விடவில்லை.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நீ அடிக்கடி போன் செய்தாய். இன்றைக்கு இன்னும் கொஞ்சம் மேலே போய் நின்றது என்பாய். வடிக்கும்போது தண்ணீரை விடத் துருதான் அதிகம் வருகிறது என்பாய். சரளைத் திட்டு ஒரு பக்கம் களிமண்ணில் இறங்குகிறது, பலகை போட்டிருக்கிறோம் என்பாய். நீ அதிகம் பேசாதவன். அந்த வாரங்களில் மட்டும் போனை வைக்க மனமில்லாமல் பேசினாய். வீட்டிலும் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு எதையோ உற்றுக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாயாம். உன் மனைவி பின்னால் சொன்னாள்.

நடந்ததை அந்த டிரில்லர்தான் உன் வீட்டு வாசலில் நின்று என்னிடம் சொன்னார். மதியம், ஷிஃப்ட் மாறும் நேரம், கொட்டும் மழை. காற்றுச் சத்தம் மெலிந்துவிட்டது, அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நீ வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறாய். அவர் நிறுத்தியிருக்கிறார். பிளாக் அசையாமல் தொங்கியது. நீ மேடைக்கு அடியில் போனாய். அதற்குள் அவருடைய நேரம் முடிந்து அடுத்த ஆள் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். கீழே நீ இருப்பது அந்த ஆளுக்குத் தெரியாது. இருக்கையிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியவே தெரியாது. அவர் பிளாக்கை ஏற்றினார். நெம்புகோல் தட்டியது. குழாயில் காற்று வரவில்லை. பிளாக் உச்சியில் மோதி, கயிறு அறுந்து, அத்தனையும் மேடையைப் பிளந்துகொண்டு கீழே வந்தது. மேடைமேல் வேறு யாரும் இல்லை, உன் ஒழுங்கினால். எல்லாரும் தள்ளி நின்றிருந்தார்கள்.

"கீழ ஆளு இருக்குன்னு சொல்லிட்டுத்தாங்க எந்திரிச்சேன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார் அவர். "சொல்லல போலருக்கு." திரும்பித் தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

உள்ளே உன் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீயும் அதே படிப்புத்தானம்மா. அந்த எடத்துக்கு ஏன் ஆளு போவணும்?" என்று கேட்டார். குழாய், வளைவு, ஈரம் என்று அவரிடம் என்ன சொல்வது?

விசாரணையில் உன் கவனக்குறைவு என்று எழுதினார்கள். இயந்திரம் இயங்கும்போது கீழே போனதாக. நான் போய் என் வரைபடத்தைக் காட்டினேன். நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் போனாய் என்று டிரில்லரும் வந்து சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். அந்த ரிக்கில் மட்டும் வளைவை வெட்டி எடுத்தார்கள். எழுதியதை மாற்றவில்லை.

இன்று நான் திரும்பிக்கொண்டிருந்தது திருப்பனந்தாள் பக்கத்து வயல் ஒன்றிலிருந்து. வேறொரு கம்பெனியின் ரிக் வந்து நிற்கிறது. கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பார்த்துச் சரி என்று சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். உன்னுடையதைச் செய்த அதே கைகள் செய்ததுபோல இருந்தது. மெதுவாக ஏற்றிக் காட்டினார்கள். வேலை செய்யும் வேகத்தில் ஏற்றுங்கள் என்றேன். மேனேஜர் தயங்கினார். எல்லாரையும் வரப்புக்கு அனுப்பிவிட்டு ஏற்றச் சொன்னேன். நின்றது. ஆனால் உச்சியைத் தொட்டுவிடும் தூரத்தில். இன்ஜினை நிறுத்தச் சொல்லி, இருக்கைக்கு முன்னால் ஒரு ஆளைக் காவல் வைத்துவிட்டுத்தான் மேடைக்கு அடியில் குனிந்தேன். காற்றுக்குழாய் இங்கேயும் தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

சரி என்று சொல்ல மாட்டேன் என்றேன். இந்தக் கிணற்றை முடித்துவிட்டு மாற்றிக்கொள்கிறோம் என்றார் மேனேஜர். குரல்கூட உன் மேனேஜர் குரல்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. அங்கிருந்தே அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அவர் என்றைக்கு வருவாரோ. அதற்குள் வேறு யாரையாவது கூட்டிவந்து சரி என்று சொல்ல வைத்துவிடுவார்கள். கிளம்பும்போது அவர்களுடைய மெக்கானிக்கைத் தனியே கூப்பிட்டேன். நரைத்த மீசைக்காரர். "யாரு சொன்னாலும் அதுக்குக் கீழ போவாதீங்கண்ணே" என்றேன். அவர் வடக்கே திரண்டிருந்த மேகத்தைப் பார்த்தார். பிறகு, "தண்ணி வடிக்கணுமே மேடம்" என்றார்.

உன் அப்பாவின் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. அவரைப் பார்க்கப் போகிறேன், டீ குடிக்கிறேன், பயிரைப் பற்றிப் பேசுகிறோம். அவரும் மறுபடி கேட்பதில்லை. ஆனால் உனக்குப் பிறகு நான் வரையும் எந்த வரைபடத்திலும் முதலில் ஒரு ஆளைத்தான் வரைகிறேன். இதைத் திறக்க, துடைக்க, இறுக்க எவன் வருவானோ அவன். உன் உயரம், உன்னைப்போல இடது தோள் சற்று இறங்கினாற்போல. அவன் எங்கே நிற்பான், அவனை யார் பார்ப்பார்கள், எப்படி வெளியே வருவான் என்பது தெளிவாகாமல் குழாய்க்கு ஒரு கோடுகூட இழுப்பதில்லை. ஆபீஸில் சிரித்தார்கள். இப்போது சிலர் அதேபோல வரைகிறார்கள்.

திருப்பனந்தாள் ரிக்குக்கும் வரைந்து கொடுக்கப் போகிறேன். அவர்கள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தாளை விரித்து, அந்த மீசைக்காரரை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டேன். குழாயை இனிமேல்தான் அவரிடம் கொண்டுவர வேண்டும். வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது.