குன்றத்தூர் மொட்டை

பென்னலூர்
28.12.91

அன்புள்ள அம்மாவுக்கு, பழனிவேல் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி எப்படி?

உன் வேண்டுதல்படி குன்றத்தூரில் மொட்டை போட்டு மீசையையும் எடுத்துவிட்டேன். மறுநாள் அரிவாளோடு இருவர் அறைக்கு வந்தார்கள். சுருட்டைமுடியும் மீசையுமாக நான் நிற்கும் போட்டோவை என்னிடமே காட்டி, "இன்னாபா, இந்தாளு எப்போ வருவான்?" என்றார்கள். ஊருக்குப் போயிருக்கிறான் என்றேன். ஏரி நிரம்பி ரோடு மூழ்கியதால் இரண்டு நாள் என்னோடே தங்கினார்கள். மார்கழிக் குளிரில் ஒருவனுக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "நீ நல்லாளுபா, இவன்கூட சேராதே" என்று சொல்லிப் போனார்கள்.

யூனியன் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டதாலா, வேறு எதற்காகவா என்னைத் தேடி வந்தார்கள், ஒன்றும் புரியவில்லை. அவர்கள் போனபின் அறை வெறிச்சென்று இருப்பதும் புரியவில்லை. நீ பயப்படாதே.

ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. முடி வளர்கிறது, அம்மா. வேறு வேண்டுதல் ஏதும் பாக்கியிருந்தால் உடனே எழுது.

உன் மகன்
பழனி